கண்டமாலை: இருமல் இல்லாத காசநோயின் கதை

என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னாத்தா, எந்தப் புகைப்படத்திலும் கழுத்தைக் காட்டியதில்லை. முந்தானையை இழுத்து இடப்பக்கக் கழுத்தை மூடிச் செருகியிருப்பார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். மண்டபத்துக் கடற்காற்றில் சேலை விலகும்போது மட்டும், தாடைக்குக் கீழே மூன்று நான்கு இடங்களில் தோல் சுருங்கி, உருகி உறைந்த மெழுகுபோல் பளபளக்கும் தழும்புகள் தெரியும். "என்னத்தா அது?" என்று கேட்டால், "சூடு போட்டது" என்பார். எதற்காகச் சூடு போட்டார்கள் என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "கண்டமால வந்த பிள்ளைய யாரு கட்டுவா?" என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

கண்டம் என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றிக் கட்டிகள் மாலைபோல் கோத்து வருவதால் கண்டமாலை. சித்த மருத்துவ நூல்களில் இந்தப் பெயர் உண்டு, சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகளும் உண்டு. மணமாலை விழவிடாமல் செய்த இன்னொரு மாலை. தமிழ் படித்து, தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் நான், அந்தச் சொல்லை ஒருநாளும் காசநோயோடு சேர்த்து நினைத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. இருமல் இல்லை. ஒரு தனியார் மருத்துவர் மூன்று முறை மாத்திரை மாற்றிக் கொடுத்தார். ஐந்து மாதம் போனபின் வேறோரிடத்தில் ஊசியால் உறிஞ்சிச் சோதித்து, "டி.பி." என்றார்கள். "எனக்கு இருமலே இல்லயே மேடம்" என்று அவள் என்னிடம் வந்து அழுதபோதுதான் சின்னாத்தாவின் கழுத்து எனக்குப் புரிந்தது.

அவள் சொன்னதில் பிழையில்லை. காசம் என்ற சொல்லுக்கே இருமல் என்றுதான் பொருள். நோய்க்கு நாம் வைத்த பெயரே நுரையீரலைத் தாண்டி யோசிக்க விடாத பெயர். சினிமாவும் அதைத்தான் கற்றுக்கொடுத்தது: கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், பின்னணியில் வயலின் அழும். இலக்கிய வரலாற்றிலும் அப்படியே. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தார் என்பதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். மேதைமையும் வறுமையும் காசநோயும் சேர்ந்த அந்தச் சித்திரம் மாணவர்களுக்குப் பிடிக்கும். கணித மேதை ராமானுஜனுக்கும் இங்கிலாந்தில் காசநோய் என்றே சொல்லிச் சானடோரியத்தில் வைத்தார்கள். அங்கே மெண்டிப் குன்றுகளில் அவரைப் பார்த்தவர் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர். பிற்பாடு 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜனுக்கு வந்தது காசநோயாக இருக்காது, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஒருவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி எழுதினார். காசநோய் இல்லாத ஆணுக்குக்கூட அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. கழுத்திலும் முதுகெலும்பிலும் கருக்குழாயிலும் அதே நோயைச் சுமந்த பெண்களுக்கு மலடி, கூனி, பீடை பிடித்தவள் என்று வேறு பெயர்கள் கிடைத்தன.

நோய் எப்படி நுரையீரலை விட்டு வெளியே போகிறது? ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த அந்தக் கிருமி மூச்சுக்காற்றோடுதான் உள்ளே வருகிறது. நுரையீரலில் இறங்கி, அங்கிருந்து நிணநீரிலும் ரத்தத்திலும் கலந்து உடலெங்கும் விதைபோல விழுகிறது. பெரும்பாலோருக்கு உடல் அதை அடக்கிவிடும். விழுந்த இடத்தில் பல ஆண்டுகள் தூங்கி, சத்துக்குறைவிலோ சர்க்கரை நோயிலோ பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய தளர்ச்சியிலோ எச்.ஐ.வி. தொற்றிலோ விழித்துக்கொள்ளவும் கூடும். விழிக்கும்போது நுரையீரல் சுத்தமாக இருக்கலாம். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சளியில் கிருமி இல்லாமல் இருக்கலாம். மிகச் சிறு கட்டிகளாக உடலெங்கும் ஒரே சமயத்தில் பரவினால் அதற்கு மிலியரி என்று பெயர். சிறுதானிய மணிகளைப் போல இருப்பதால் லத்தீன் மொழியில் வைத்த பெயர் அது. வரகும் குதிரைவாலியும் விளைகிற எங்கள் மாவட்டத்தில் அதைக் கையில் அள்ளிக் காட்டியே புரியவைத்துவிடலாம்.

இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர்கள். நுரையீரல் காசநோயில் ஆண்கள் மிக அதிகம். வெளியே பரவிய நோயில் பெண்களின் பங்கு கூடுகிறது. இதில் உடற்கூறு எவ்வளவு, சோற்றில் கடைசியாகக் கைவைக்கும் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் பழக்கத்தைக் காரணம் காட்டும் உற்சாகத்தின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. 1920இல் ஆர்தர் லங்கெஸ்டர் இந்தியக் காசநோய் பற்றி எழுதிய நூலில் கோஷா முறையும் இளவயது மணமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. இருட்டறையில் அடைபட்ட பெண்ணுக்கு நோய் வரும் என்பது உண்மைதான். அதே பெண்ணை எந்த மருத்துவர் தொட்டுப் பார்த்தார், அவள் எத்தனை மைல் தாண்டி மருத்துவமனைக்குப் போக முடிந்தது என்பவையும் கேட்க வேண்டிய கேள்விகளே.

கழுத்துக் கட்டிக்கு ஐரோப்பாவில் அரச நோய் என்று பெயர். அரசர் கை பட்டால் ஆறும் என்று நம்பினார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை 1712இல் குழந்தையாக அரசி ஆனிடம் தூக்கிக்கொண்டு போனார் அவர் தாய். கட்டி ஆறவில்லை, தழும்பு கடைசிவரை இருந்தது. அவர் அகராதி எழுதினார், தழும்பு தடையாக இல்லை. பிறகு அரசரின் கைக்குப் பதில் கடலை நம்பினார்கள். 1791இல் இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் கண்டமாலை வந்த ஏழைகளுக்கென்றே கடல்நீராடும் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. கடல் நோயைத் தீர்க்குமானால், பாம்பன் தீவிலும் மண்டபத்திலும் காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பாசிக்காரப் பெண்களைவிட ஆரோக்கியமானவர் உலகில் யாரும் இருக்க முடியாது.

அந்தப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளில் இருந்து பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பைக்குள் போடுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகச் செய்துவந்த வேலையே குற்றமாகிவிட்ட பயமும் சேர்ந்துகொண்டது. அவர்களிடம் முதுகுவலி பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். "குனிஞ்சே கெடக்குற இடுப்பு வலிக்காம என்னம்மா செய்யும்?" கேள்வி நியாயமானது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எலும்பு மூட்டுக் காசநோயில் பாதி முதுகெலும்பில் வருகிறது. வேலையால் வரும் வலி படுத்தால் குறையும். இது ராத்திரியிலும் விடாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை எல்லாம் மெல்ல வரும். கிருமி முள்ளெலும்பின் முன்பக்கத்தை அரிக்க, அது நொறுங்கி முதுகு முன்னோக்கி மடங்கும். சூடோ சிவப்போ இல்லாத சீழ்க்கட்டி தசைவழியே இறங்கித் தொடை இடுக்கில் வந்து நிற்கும். கடைசியில் கால் மரத்துப்போகும். 1779இல் பெர்சிவால் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் இந்தக் கூனையும் கால் விளங்காமல் போவதையும் சேர்த்து விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

நம் இலக்கியத்தில் கூனிக்குக் குறைவில்லை. கலித்தொகையின் 94ஆம் பாடலில் கூனியும் குறளனும் ஒருவர் உடலை ஒருவர் கேலிசெய்து பேசி, பிறகு இணங்குகிறார்கள். அரண்மனைகளில் கூனும் குறளும் பணியாளர்களாக வருவதைக் காப்பியங்களிலும் பார்க்கிறோம். கம்பனில் மந்தரை தன் கூனின்மேல் சிறுவன் இராமன் உண்டைவில்லால் அடித்ததை மறக்காமல் வைத்திருக்கிறாள். சேது கட்டிய கதையால் வாழும் ஊர்க்காரியான எனக்கு அந்த உண்டைதான் அவள் பக்கத்து நியாயமாகத் தோன்றும். மந்தரைக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது என் வேலையன்று. முதுகு கோணினால் மனமும் கோணும் என்று ஒரு பண்பாடு இத்தனை நூற்றாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தால், முதுகில் ஒரு முள்ளெலும்பு புடைக்கத் தொடங்கும்போது ஒரு பெண் அதை யாரிடம் காட்டுவாள் என்பதுதான் என் கவலை.

அடுத்தது கருப்பை. இராமேஸ்வரத்துக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளிவாளியாக ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு நாகப் பிரதிஷ்டை செய்துவிட்டுப் போகிறார்கள். கூட வரும் மாமியார்களின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களில் சிலருக்கேனும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வந்து போனதே தெரியாத ஒரு தொற்று, ரத்தத்தின் வழியே கருக்குழாயில் தங்கி, சத்தமில்லாமல் அதை அடைத்திருக்கும். பெண்ணுறுப்புக் காசநோயில் கிட்டத்தட்ட எப்போதும் தாக்கப்படுவது கருக்குழாய்தான். 1744இல் மோர்காக்னி என்ற இத்தாலிய உடற்கூற்று அறிஞர், இருபது வயதில் இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது கருப்பையும் குழாய்களும் பாலாடைக்கட்டி போன்ற பொருளால் நிறைந்திருந்ததைக் குறித்தார். இந்நோயைப் பற்றிய முதல் பதிவாக அதைச் சொல்கிறார்கள். இறந்த பின்னால்தான் பார்த்தார்கள்.

உயிரோடிருப்பவளுக்கு அறிகுறி என்று பெரிதாக எதுவும் இருக்காது. தூமை குறையும், அல்லது நின்றே போகும். அடிவயிற்றில் மந்தமான வலி. இவற்றைச் சொல்வதற்கே நம் வீடுகளில் இடமில்லை. பிள்ளை இல்லை என்பதுதான் பல பெண்களுக்கு முதல் அறிகுறி. அதற்குள் குழாய் தழும்பாகியிருக்கும். ஆறு மாத மருந்து கிருமியைக் கொன்றுவிடும், தழும்பைத் திறந்துவிடாது. அதனால் எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதே இங்கே எல்லாமும். எதிர்த்திசையிலும் ஒரு கொடுமை நடக்கிறது. கருத்தரிப்பு மையங்கள் சிலவற்றில், கருப்பை உட்படலத்தில் எடுத்த ஒரே ஒரு பி.சி.ஆர். சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு, நோய் இல்லாதவளுக்கும் ஆறு மாதம் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். திசுப் பரிசோதனையும் லேப்ராஸ்கோபியும் செய்து உறுதிப்படுத்தும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

ஏன் இவ்வளவு காலம் இந்த நோய் கணக்கிலேயே வரவில்லை? என் பதில் சுருக்கமானது. இது அடுத்தவருக்குத் தொற்றாது. நுரையீரலில் நோய் இல்லாதவரின் கழுத்துக் கட்டியோ முதுகெலும்போ கருக்குழாயோ பக்கத்தில் இருப்பவருக்குக் கிருமியைத் தராது. அரசுகள் நோயைத் தேடிப் போவது பெரும்பாலும் அது பரவும் என்ற பயத்தில்தான். எங்கள் மண்டபமே இதற்குச் சாட்சி. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை இலங்கை அரசு இங்கே முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்துத்தான் தனுஷ்கோடிக்கு அனுப்பியது. தேடியது அம்மை, காலரா, பிளேக். முதுகு வலிக்கும் பெண்ணை யாரும் தேடவில்லை, அவள் கொழுந்து பறிக்க முடிந்தால் போதும். 1980களுக்குப் பிறகு அதே மண்டபம் முகாமுக்கு எதிர்த்திசையில் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். காசநோய்த் திட்டமும் நெடுங்காலம் சளியைத்தான் தேடியது. சளியில் கிருமி உள்ளவரைக் கண்டுபிடித்துக் குணமாக்கினால் பரவல் நிற்கும் என்ற கணக்கு தவறில்லை. அந்தக் கணக்கில், யாருக்கும் ஆபத்தில்லாமல் தனக்குள்ளேயே நோயை வைத்திருக்கும் பெண் கடைசி வரிசையில் நின்றாள்.

இத்தனைக்கும் சிகிச்சையின் வரலாறு நம் ஊரிலேயே எழுதப்பட்டது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இரண்டும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100க்கு 92, வீட்டில் 86. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இது நுரையீரல் நோயாளிகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் அதை நான் இரண்டு மனதோடு வாசிக்கிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓராண்டு சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்பது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. வீடே மருத்துவமனை ஆனபோது அங்கே செவிலி யார் என்பதை மட்டும் எந்த அட்டவணையும் எழுதவில்லை. கணவனுக்கு நோய் என்றால் மாத்திரையைக் கையில் வைத்து விழுங்கும்வரை நிற்க ஒருத்தி இருந்தாள். அவளுக்கே நோய் என்றால்?

முதுகெலும்புக்கும் இதே பாதையில்தான் விடை கிடைத்தது. முன்பெல்லாம் மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்க எந்த மருமகளை விடுவார்கள்? தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு கூப்பிட மாட்டார்கள். கொரியாவில் மாசானிலும் பூசானிலும் நடந்த ஆய்வுகள், படுக்கையும் மாவுக்கட்டும் மருந்தோடு சேர்ந்து கூடுதலாக எதையும் தரவில்லை என்று காட்டின. 1975இல் தொடங்கிய சென்னை ஆய்வு, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகளை ஆறு அல்லது ஒன்பது மாதம் சாப்பிட்டுக்கொண்டு நடமாடியவர்களையும், பெரிய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களையும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. மூன்று குழுவிலும் பெரும்பாலோர் நன்றாக இருந்தார்கள். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் கூன் கூடக்கூடும் என்று எச்சரித்தது. குழந்தைகளின் கழுத்துக் கட்டிக்கும் ஆறு மாத மருந்து போதும் என்று இதே சென்னை மையம் 1990இல் எழுதியது.

தடுப்பூசியின் கதையும் இதுதான். 1955இல் ராஜாஜி பி.சி.ஜி.யை எதிர்த்தார். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் சோதனையில் அந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவும் மிலியரியாகவும் வருவதை அது தடுக்கிறது. நம் இடது தோளில் இருக்கும் வடு, நுரையீரலைத் தாண்டிப் போகும் காசநோய்க்குப் போட்ட தடை.

2016இல்தான் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்க்கென்று இந்தியாவுக்குத் தனி வழிகாட்டு நெறி வந்தது. நிணநீர்க் கட்டிக்கும் பெண்ணுறுப்புக்கும் ஆறு மாதம், மூளைச்சவ்வுக்குக் குறைந்தது ஒன்பது, எலும்புக்குப் பன்னிரண்டு. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் 2018 முதல் கொடுத்து, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் காசில் முட்டை வாங்கினால் யார் தட்டில் விழும் என்பதை வங்கி கேட்பதில்லை.

என் மாணவிக்கு மாத்திரை அட்டையைக் கொடுத்தவர்கள் சொல்லாமல் விட்டதை நாங்கள் இருவரும் தேடித்தேடித் தெரிந்துகொண்டோம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரத்தமில்லை, பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்யும்போதே கட்டி சில வாரங்கள் பெரிதாகலாம், புதிதாக ஒன்று முளைக்கலாம். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. இந்தக் கடைசி விஷயத்தை மணமான பெண்களிடம்கூடச் சொல்வது குறைவு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவர்களும் கேட்பதில்லை.

ஆறாவது மாதம் முடிந்தது. கட்டி சுருங்கி ஒரு சுண்டைக்காய் அளவில் நின்றுவிட்டது. அப்படி மிச்சம் இருக்கலாம், நோய் போய்விட்டது என்றார் மருத்துவர். "ஆபரேஷன் பண்ணி எடுத்திரலாமா மேடம்? பொண்ணு பாக்க வர்றாங்களாம்" என்றாள். தழும்பு விழும் என்றேன். யோசித்தாள். பேச்சைப் பேச்சாகவே விட்டுவிட்டு, "அம்மாவுக்கு இடுப்பு வலி மேடம், நாலஞ்சு மாசமா. ராத்திரியிலதான் ரொம்ப" என்றாள். அவள் அம்மா பாசிக்குப் போகிறவர். மறுநாளே ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் போனில் பேசினேன். "இந்தப் பாசி நாளு முடியட்டும் டீச்சர், வாரேன்" என்றார் அந்த அம்மா. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.